ஏழாம் நம்பர் வீடு

சின்னப்பராஜ் இன்னொரு முறை இருமினார். அவருக்கு இருமல் கிடையாது. எழுபத்து நான்கு வயதிலும் அவர் நெஞ்சு திடமாகத்தான் இருந்தது. கட்டிலில் கிடந்த மனைவி மதலேனாள் மூச்சுக்குத் தவித்து இருமும்போதெல்லாம், அந்தச் சத்தத்தின் மேல் தன் சத்தத்தைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். மூன்று நாட்களாக இதே வேலை. தொண்டை ரணமாகிவிட்டது.

"என்னண்ணே, இன்னும் நிக்கலையா?" முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரி கஸ்தூரியம்மாள் கேட்டாள்.

"பனி ஒத்துக்கல தாயி."

சித்திரை மாதத்தில் ஏது பனி என்று அவள் கேட்கவில்லை. பாத்திரங்கள் மறுபடி உருண்டன.

அந்த ஒற்றை அறைக்கு அவர்கள் குடிவந்து நான்கு வருடம். அதற்கு முன்னால் ஐந்து வீடுகள் மாறியாகிவிட்டது. நாற்பது வருடம் கேரள மலையில், ஏலத்தோட்டத்துக் கூலிகளுக்கான லய வீட்டில் இருந்தவர்கள். வேலை முடிந்தது, லயமும் முடிந்தது. கீழே இறங்கியபோது இரண்டு டிரங்குப் பெட்டியும் வயதும்தான் மிச்சம். பிள்ளை இல்லை. வீடு கேட்டுப் போனால் எவரும் முதலில் வாடகையைப் பேச மாட்டார்கள், வயதைத்தான் கேட்பார்கள். கஸ்தூரியம்மாளாவது நேராகச் சொன்னாள். முன்பு குடியிருந்த பெரியவர் அடைப்பு நட்சத்திரத்தில் செத்துப்போய், தோஷம் என்று அறையை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டியதாயிற்றாம். விதவையான அவளுக்கு அந்த அறைதான் சோறு போட்டது.

"எம்மேல வருத்தப்படாதீக. இருக்க வரைக்கும் ராசா மாதிரி இருங்க. உசுரு மட்டும் இங்கன போகக் கூடாதுண்ணே."

சரி என்று தலையாட்டிவிட்டார். கிழவன் கிழவிக்கு வீடு கிடைப்பதே அபூர்வம், சாகாமல் இருப்பது என்ன பெரிய காரியம் என்று அன்றைக்குத் தோன்றியது.

போன வாரம் தேனி பெரியாஸ்பத்திரியில் டாக்டர், இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். எந்த வீட்டுக்கு என்று அவரிடம் கேட்க முடியுமா?

"சாமியாரக் கூப்புடுங்க." மதலேனாள் அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நாளைக்கி."

"நேத்தும் நாளைக்கின்னுதான் சொன்னீக. அவஸ்தை பூசாமப் போயிருவேனோன்னு பயமா இருக்குங்க."

சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூச அந்த ஊர்ச் சாமியார் வந்தால் சும்மா வர மாட்டார். முன்னால் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை சின்ன மணியை ஆட்டிக்கொண்டு வருவார். தெருவே எழுந்து நிற்கும், எந்த வீடு என்று பார்க்கும். கிறிஸ்தவர் அல்லாத கஸ்தூரியம்மாளுக்கும் அந்த மணிக்கு அர்த்தம் தெரியும். சாமியார் வந்தால் வீடு போகும். வராவிட்டால் இவள் பயந்துகொண்டே போவாள். இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள் இருமியாயிற்று.

ஒரே ஒரு வழி இருந்தது. ஊர் எல்லையில், முதியவர்களுக்கென்று அரசாங்கப் பணத்தில் பத்து வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். ஆளுக்கொரு அறை, அடுப்படி, குழாய். பென்ஷன் இல்லாதவர்களும் கொடுக்கக்கூடிய வாடகை. சாகும்வரை யாரும் வீட்டைவிட்டு எழுப்ப முடியாது என்று தாளிலேயே போட்டிருந்தது. ஏழாம் எண் மதலேனாள் பெயருக்கு வந்து இரண்டு மாதமாகிறது. அந்தத் தாளை அவள் தலையணை உறைக்குள்தான் வைத்திருந்தாள். சாவிதான் வரவில்லை.

சின்னப்பராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தார்.

எழுத்தர் சுந்தரலிங்கம் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் இல்லை என்று சொன்னார்.

"எலெக்சன் அறிவிச்சுட்டாகய்யா. ஓட்டு எண்ணி முடியுற வரைக்கும் தெறக்கக் கூடாது, குடுக்கக் கூடாது. இப்ப நான் சாவியக் குடுத்தா, ஓட்டுக்காகக் குடுத்தேன்னு என்னையத் தூக்கிருவாக."

"பூட்டு எந்தக் கட்சி சார்?"

சுந்தரலிங்கம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"நாங்க ரெண்டு பேரும் ஓட்டே போடலைன்னு எழுதிக் குடுத்துர்றோம். அவ எப்படியும் போட மாட்டா. அதுவரைக்கும் தாங்காது."

எழுத்தர் பேனாவை மூடினார், திறந்தார். "இன்னும் ஒரு மாசந்தான்யா" என்றார். சின்னப்பராஜுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

திரும்பும் வழியில் ஒரு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று வீட்டுக்காரியிடம் சொன்னார். கஸ்தூரியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, மதலேனாளின் கால் பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினாள். உள்ளே ஓடித் தலையணையை எடுத்து வந்தாள். பிறகு மாடத்தில் இருந்த செபமாலையையும், மெழுகுவர்த்தியையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு எதற்கு மெழுகுவர்த்தி என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

ஆட்டோ கிளம்பி, திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிப் போய்ப் புதுக் கட்டடத்தின் முன் நின்றது. வாசலில் பதித்த கல்லில் இருந்த பெயர்களைத் தேர்தலுக்காகச் செய்தித்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். காவல்காரர் சின்னக்கருப்பு ஓடிவந்தார்.

"இங்கன எதுக்குண்ணே கொண்டாந்தீக? எனக்குச் சாவி குடுத்து வைக்கல."

"வராந்தா போதும்ப்பா. வராந்தாவுக்குப் பூட்டு இல்லைல்ல?"

சின்னக்கருப்பு ஆட்டோவில் சாய்ந்து கிடந்தவளையும், அவர் கையில் இருந்த செபமாலையையும் பார்த்தார். தன் காவல் அறைக்குள் போய்ப் பாயை எடுத்துவந்து, ஏழு என்று எழுதியிருந்த பச்சைக் கதவின் முன்னால் விரித்தார். பிறகு யாரும் சொல்லாமலே, சாமியாரை அழைத்துவரச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

மலைக்காற்று வீசியது. மதலேனாள் கண்ணைத் திறந்து, மேலே காங்கிரீட்டைப் பார்த்தாள்.

"நம்ம வீடா?"

"நம்ம வீடுதான். இந்தா பாரு, ஏழு."

கையை நீட்டிக் கதவின் அடிப்பலகையைத் தொட்டாள். "அடுப்படி உள்ளதான?"

"உள்ளதான். குழாயும் இருக்கு."

"நல்லதாப் போச்சு. ஒரு கட்டஞ்சாயா போடணும்." கொஞ்ச நேரம் மூச்சை வாங்கினாள். "கதவத் தொறக்கலையா?"

"பெயிண்டு வாசம் இன்னும் போகல. ஒனக்கு எளப்புக் கூடிரும்."

"அப்பச் சரி" என்றாள்.

ஐம்பது வருட வாழ்க்கையில் அவர் அவளிடம் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணலாம். அவள் எல்லாவற்றையும் இப்படித்தான் நம்பினாள். அவருக்கு அழுகை வந்தது. மணிச்சத்தம் கேட்டதால் அழாமல் எழுந்து நின்றார்.

கோயில்பிள்ளை ஆளில்லாத சாலையில் மணியை ஒப்புக்கு ஆட்டிக்கொண்டு வந்தார். "நல்லா அடிங்க" என்றார் சின்னப்பராஜ். "கேக்கட்டும்." சாமியார் குனிந்து நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். மதலேனாள் செபத்துக்கு வாயசைத்தாள். முடிந்ததும் அவள் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. மூன்று நாளைக்கு முன்பே போயிருக்க வேண்டிய பயம் அது என்று அவருக்கு உறைத்தது. ஒரு அறைக்காக அதை அவளிடம் விட்டுவைத்திருந்தார்.

மூன்று மணிக்குப் பிறகு அவள் இருமவில்லை. அவர் பழக்கத்தில் அவளுக்காக இருமப் போய், நிறுத்திக்கொண்டார்.

செய்தி தெரிந்து முதலில் வந்தது கஸ்தூரியம்மாள்தான். வெயிலில் நடந்தே வந்திருந்தாள். மதலேனாளின் சேலையைச் சரிசெய்து, தாடையைக் கட்டி, காலருகில் உட்கார்ந்தாள்.

"மூணு நாளா இருமுனது யாருன்னு எனக்குத் தெரியும்ணே."

அவர் நிமிர்ந்தார்.

"தெரியும்னு சொன்னா, ஒண்ணு இருங்கன்னு சொல்லணும், இல்ல போங்கன்னு சொல்லணும். ரெண்டுக்கும் எனக்கு வாய் வரல. அதான் பாத்திரத்தப் போட்டு உருட்டிக்கிட்டே இருந்தேன்." அவள் அழுதாள். "காரியம் முடிச்சு வாங்க. ரூம் அங்கனதான் இருக்கும். இருக்க வரைக்கும்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் விட்டுவிட்டாள்.

கோயில்பிள்ளை நோட்டும் பேனாவுமாக நின்றார். துக்கச் செய்தியை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து அடக்கத்துக்கு எடுக்கிறோம் என்று சொல்வதுதான் வழக்கம்.

"வீடு எதுன்னு போடட்டும்யா?"

சின்னப்பராஜ் கஸ்தூரியம்மாளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் நின்ற சின்னக்கருப்பைப் பார்த்தார். அவர் செய்தித்தாள் ஒட்டியிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பர் வீடுன்னு போடுங்க."

"இது இன்னும் தெறக்கலையேய்யா. ஆபீசுல ஏதும் சொல்லப் போறாக."

மதலேனாளின் தலைக்கு அடியில் கையை விட்டு, தலையணைக்குள் இருந்த தாளை உருவி நீட்டினார். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. கோயில்பிள்ளை அதை வாசித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குத் துக்கமணி அடித்தது. தோட்டங்களைத் தாண்டி ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்டது. முதியோர் குடியிருப்பு, ஏழாம் எண் வீட்டைச் சேர்ந்த மதலேனாள் இன்று இறைவனடி சேர்ந்தார். அன்னாரது அடக்கம் நாளைக் காலை பத்து மணிக்கு, அவரது இல்லத்திலிருந்து. இரண்டு முறை சொன்னார்கள். இரண்டாம் முறையும் அவர் எழுந்து நின்று கேட்டார்.

சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டு வருவதாகச் சின்னக்கருப்பு போனார். விளக்கு வைத்துவிட்டு வருகிறேன் என்று கஸ்தூரியம்மாளும் கிளம்பினாள். சின்னப்பராஜ் பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து, மதலேனாளின் தலைமாட்டில் உட்கார்ந்தார். தொண்டை அறுத்தது. இந்தத் தடவை நிஜமாகவே இருமல் வந்தது. அவளுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.