வெயிலிடம் கொடுத்து வைத்த சாவி

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கண்ணையன் குளித்து, கேப்பைக் கூழ் குடித்து, தண்ணீர்ச் சொம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, தன் வலது காலில் தானே சங்கிலி மாட்டிப் பூட்டிக்கொள்வான். சங்கிலியின் மறுமுனை வீட்டு நடுவில் நின்ற கல்தூணைச் சுற்றியிருக்கும். பைத்தியமா என்றால், இல்லை. விழுப்புரம் லோகோ ஷெட்டில் ரயில் என்ஜின் பழுதுபார்க்கும் பிட்டர். மற்ற ஆறு நாளும் அவனைப்போல ஒழுங்கான ஆளை அந்த ஷெட்டில் பார்க்க முடியாது.

எல்லாம் செண்பகத்தால் வந்த வினை. அவள் அவன் பெண்டாட்டியாக இருந்தவள். அவன் அடித்ததில்லை, குடித்ததில்லை. பேசவும் மாட்டான், அதுதான் கோளாறு. ஷெட்டிலிருந்து வந்து, தின்று, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். "செவுத்தோட எவ்ளோ நாளுதான் குடுத்தனம் பண்றது?" என்று அவள் பஞ்சாயத்தில் கேட்டாள். அவன் அங்கேயும் வாய் திறக்கவில்லை. துரும்பைக் கிள்ளிப் போட்டு உறவைத் தீர்த்து விட்டார்கள். பிறகு அவள் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் பார்க்கும் பெரியதம்பியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் நம் ஆளுக்கு உறைத்தது. ஞாயிறுதோறும் மதியப் பாசஞ்சரில் திண்டிவனம் போய், அவள் வீட்டுக்கு எதிர்ச் சோடாக்கடையில் மரம்போல நிற்பான். ஒருநாள் அவளே இறங்கி வந்தாள்.

"இப்டி வந்து வந்து நின்னியானா என் பொழப்பு பூடும். இனிமே வரமாட்டேன்னு சொல்லு."

"வரமாட்டேன்" என்றான்.

மறுவாரமே கால் தானாக ஸ்டேஷனுக்கு நடந்தது. பாதி வழியில் திரும்பி வந்தவன் அன்றைக்கே சங்கிலியும் பூட்டும் வாங்கினான். பாசஞ்சர் போய்விட்டால் அன்றைக்குத் திண்டிவனத்தில் நிற்கிற வேறு வண்டி இல்லை, தொல்லை விட்டது. பஸ்ஸில் ஏறினால் அவனுக்குக் குடலைப் புரட்டும்.

சாவியை யாரிடமாவது கொடுத்து வைக்கலாமே என்றால், அதற்கு ஒரு ஆள் வேண்டாமா? ஷெட்டில் தேவசகாயம் மேஸ்திரி இருக்கிறார். அவரிடம் கொடுத்தால் திங்கட்கிழமை என்ஜின்கூட இவனைப் பார்த்துச் சிரிக்கும். அவரை விட்டால் வேறு ஒருவரும் இல்லை. அதனால் சாவியை வெயிலிடம் கொடுத்தான். மேற்கு ஜன்னலுக்கு வெளியே, சங்கிலி எட்டாத தூரத்தில் ஒரு தகர டப்பா, அதில் உருக்கி ஊற்றிய மெழுகுவர்த்தி, மெழுகுக்குள் சாவி. சாவியில் கட்டிய நூல் மட்டும் கம்பி வழியாக உள்ளே வந்து அவன் மடியில் கிடக்கும். பாசஞ்சர் கூவிக்கொண்டு போன பிறகுதான் அந்தப் பக்கத்து வெயில் மெழுகை இளக்கும். அதற்கு முன் இழுத்தால் நூல்தான் அறும். இப்படியே இரண்டு மூன்று மாதம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. காலையில் சுள்ளென்று அடித்த வெயிலை நம்பிப் பூட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வானம் மூடிக்கொண்டது. அப்போது கதவு தட்டப்பட்டது.

"யோவ், உள்ளதான் இருக்கியா?"

செண்பகத்தின் குரல்.

"தொறக்க முடியாது" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "ஐயையோ! யாருய்யா உன்னைக் கட்டிப் போட்டது?"

"நான்தான். சும்மா இருந்தா காலு உன் ஊட்டுக்கு வந்துடுது."

"ஆளையே காணமேன்னு வந்தேன். எஞ்சின்ல மாட்டிக்கினு செத்துகித்துப் போயிட்டியோன்னு பேஜாராப் பூட்ச்சு. அவரு சரக்கு எடுக்கப் போயிருக்காரு. இந்தப் பாசஞ்சர்லயே நான் திரும்பிப் போயாவணும்."

"வராதேன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். சொல்லிட்டு, வாராவாரம் சோடாக்கடையைப் பாத்துக்கினும் இருந்தேன்." அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சாவி எங்க?"

"உன் கையண்ட டப்பால. வெயில் அடிச்சா மெழுகு உருகும்."

"ஒரு சாவி குடுத்து வெக்க இம்மாம் பெரிய ஊர்ல உனுக்கு ஒரு ஆளு இல்லியா?"

அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவி மெழுகைச் சுரண்டத் தொடங்கினாள்.

"எடுக்காத செண்பகம்" என்றான். "அவுத்துட்டா உன் பின்னாலயே ஸ்டேஷனுக்கு வந்துடுவேன். வண்டி ஏறிடுவேன். உன் பொழப்பு பூடும். வண்டி போவட்டும். அதுக்கப்புறம் எப்பனா உருகட்டும்."

"இத்தினி வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்து நான் கேட்டதே இல்ல" என்றாள்.

குனிந்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். முகம் தெரியவில்லை, அழுகிறாள் என்று நினைத்தான். பிறகு நிமிர்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"தண்ணி கிட்ட வெச்சிருக்கியா?"

"இருக்கு."

எங்கே கிளம்பினாலும் வர்றேன் என்று சொல்கிறவள், அன்றைக்கு "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. கண்ணையன் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கத்திக் கூப்பிட்டால் திரும்பி வருவாள் என்று தெரியும். கூப்பிடவில்லை. கடைசியில் பாசஞ்சர் ஊதியது. நீளமாக ஊதி, பாலத்தைத் தாண்டி, அடங்கிப் போயிற்று. ஒரு பொட்டு வெயில் இல்லை. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க இப்படியே கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்தபடி, பழக்கதோஷத்தில் நூலை லேசாக இழுத்தான்.

சாவி வந்துவிட்டது.

கம்பியில் டங்கென்று இடித்து, தரையில் விழுந்து, அவன் மடிவரைக்கும் வந்தது. பல்லிடுக்கில்கூட மெழுகு இல்லை. குனிந்து நின்றவள் சுத்தமாகச் சுரண்டி விட்டுத்தான் போயிருக்கிறாள். வண்டி ஊதுவதற்கு முன் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அவன் ஸ்டேஷனில் நின்றிருப்பான்.

இவன் வரமாட்டான் என்று நம்பினாளா, வந்தால் வரட்டும் என்று விட்டாளா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போய்க் கேட்பதற்கு வண்டி இல்லை இப்போது. தூறல் வலுத்தது. கண்ணையன் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, காலில் சங்கிலியோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.