வெங்காயம் எரிக்காத கண்

எனக்கு அழுகை சீக்கிரம் வரும். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, கேன்டீன் முழுக்கக் கேட்கிற குரல், இத்தனையும் வைத்துக்கொண்டு அழுதால் எவன் மதிப்பான்? அதனால் அழுகை வந்தால் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவேன். சமையல் மாஸ்டருக்கு எவ்வளவு பொறுப்பு என்று வேலையாட்கள் மெச்சிக்கொள்வார்கள்.

என் தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்த பெண். அவளை வெளியூர்க் கிளைக்கு மேனேஜராகப் போகச் சொன்னார்கள்.

"நீ ஒரு சொட்டு அழுதாலும் நான் போகமாட்டேண்ணா" என்றாள்.

சொன்னால் செய்துவிடுகிற பிசாசு அது. இந்த வேலைக்காக அவள் எவ்வளவு தவித்தாள் என்று எனக்குத் தெரியும். போயே ஆகவேண்டும்.

அவளுக்கு இருந்த ஒரே கவலை என் கண். பாத்திரத்தைத் திறந்தால் ஆவி அடித்து நான் போட்டிருக்கும் கண்ணாடி மங்கிவிடும்; துழாவித் துழாவிக் கையைச் சுட்டுக்கொள்வேன். கடைக்கு இழுத்துப் போனாள். ஆவி படியாத கண்ணாடியைக் காட்டிவிட்டு, உன் அடுப்படியில் இதன் ஜம்பம் பலிக்காது என்று அவளே திரும்ப எடுத்து வைத்தாள். லேசர் சிகிச்சை என்றாள். அதற்கு நான் வெல்டிங் பட்டறைக்கே போய்க்கொள்கிறேன் என்றேன். கடைசியில் கான்டாக்ட் லென்ஸ் என்று முடிவானது.

அதைப் போட்டுப் பழகிய கதையைக் கேட்காதீர்கள். விரல் கிட்டே வந்தாலே இமை மூடிக்கொள்ளும். ஒரு லென்ஸை வீடு முழுக்கத் தேடினோம், அது என் மீசையில் இருந்தது. மிளகாய் தொட்ட கையோடு போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னாள். போட்டேன். நான் குதித்த குதியைக் கேன்டீனே எழுந்து நின்று பார்த்தது.

கிளம்புகிற அன்று பெட்டியோடு நேரே அடுப்படிக்கு வந்தாள். நான் உஷாராக ஒரு கூடை வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவளைப் பார்த்ததும் கண்ணீர் கொட்டியது. இந்த வெங்காயம் ரொம்பக் காரம் என்று முணுமுணுத்தேன்.

அவள் என் கண்ணையே உற்றுப் பார்த்தாள்.

"லென்ஸ் போட்டா வெங்காயம் அவ்வளவா எரிக்காதுண்ணா."

லென்ஸ் போட்ட நாளிலிருந்து எத்தனை கூடை நறுக்கியும் கண் கலங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். பாவி, அவள் வேலையைக் கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த கத்தியை வாங்கி ஒரு வெங்காயத்தை எடுத்தாள். தோலை உரிப்பதற்குள்ளேயே அவள் கண்ணும் நிறைந்து வழிந்தது.

"நான் லென்ஸ் போடல" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதனால எனக்கு வெங்காயம். உனக்கும் வெங்காயம்னே வெச்சுக்கறேன். எழுந்திரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."