உர்போ வாங்கிய இரட்டை மூளை

ஞாயிறு மாலை உர்போ கணினியை முடுக்கிவிட்டுக் காபி போடுவார். காபி கொதித்து, ஆறி, இரண்டாம் முறை கொதித்த பிறகுதான் அந்தக் கிழட்டுப் பெட்டி கண் விழிக்கும். அதன் விசிறி போடும் இரைச்சலில் கயானி ஏரி மீன்கள் ரஷ்ய எல்லை தாண்டி ஓடிவிட்டன என்று ஊரில் பேச்சு.

இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு முகத்துக்காக. கனடாவில் வேலை பார்க்கும் மகள் ஐலாவின் முகம்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"இருக்கேன்."

"ஏரியில ஐஸ் உடைஞ்சிருச்சா?"

"உடைஞ்சிருச்சு."

அவ்வளவுதான். திரையில் அவள் முகம் அசையாமல் நின்றுவிடும். மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்து, "படம் உறைஞ்சுபோச்சு" என்று பெருமூச்சோடு அணைப்பார். வாரம் முழுக்கச் சானா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பிடம் சொல்லிப் பழகிய கேள்வி தொண்டையிலேயே கிடக்கும்: 'நடுக்கோடைத் திருநாளுக்கு வர்றியாம்மா?' மனைவி இறந்தபிறகு வந்த கோடைகளில், அந்தத் திருநாளுக்குக் கரையில் மூட்டும் தீயின் முன்னால் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார்.

கணினிக் கடை கெய்யோ அவருடைய மீன்பிடித் தோழன். இருவரும் ஒரே படகில் பொழுதெல்லாம் உட்கார்ந்து மொத்தம் ஒரு வார்த்தை பேசுவார்கள். அந்த ஊரில் அதற்குப் பெயர் அரட்டை. புதுப் பெட்டி வாங்க உர்போ கடைக்கு வந்தபோது மட்டும் கெய்யோவுக்கு வாய் நீண்டது.

"யோவ் உர்போ, லெட்டர் எழுத, வானிலை பாக்கன்னா சிங்கிள் கோர் போதும்யா. உள்ள ஒரே ஆளு. ஒரு வேலை முடிச்சாத்தான் அடுத்த வேலை."

"எனக்கும் ஒரே வேலைதான். மகளைப் பாக்கணும்."

"நீ மகளைப் பாக்குறப்போ அவன் பின்னால வைரஸ் தேடிக்கிட்டிருப்பான். படம் நிக்கத்தான் செய்யும். டூயல் கோர்னா ரெண்டு மூளை. ஒருத்தன் வைரஸைத் தேடட்டும், இன்னொருத்தன் மகளைக் காட்டட்டும்."

"நின்னு போகாதுல்ல?"

"நிக்காது. உனக்காவது பேச மக இருக்கா. என் பையன் பக்கத்துல ஸ்வீடன்லதான் இருக்கான். கடை நிறையக் கம்ப்யூட்டர் இருந்து என்ன, ஒரு வார்த்தை கிடையாது."

படகுக்குப் புது மோட்டார் வாங்கும் கனவை ஏரியிலேயே விட்டுவிட்டு, உர்போ இரட்டை மூளையைக் குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஞாயிறு வந்தது. காபித் தண்ணீர் சூடாகும் முன்பே ஐலா திரையில் வந்துவிட்டாள். ஐஸ் பற்றிக் கேட்டாள். பதில் சொன்னார். உடனே முகம் நின்றுவிட்டது. இமைகூட அசையவில்லை.

உர்போ மேசையில் குத்திய குத்தில் ஏலக்காய் ரொட்டி எகிறிக் கூரையைத் தொட்டது.

"அட மடப் பெட்டியே! ரெண்டு மூளை இருந்தும் ஒண்ணும் உருப்படலையே! அவ அம்மா போனதுக்கப்புறமும் ரெண்டு கோப்பையிலதான் காபி ஊத்துறேன். திருநாளுக்கு வாடின்னு எம்பொண்ண ஒரு வார்த்தை கூப்பிடணும். அதுக்குக்கூட விடமாட்டேங்கிறியே!"

உறைந்த படம் மூக்கை உறிஞ்சியது.

"அப்பா... படம் உறையலப்பா. சும்மாதான் உக்காந்திருந்தேன். உங்களையே பாத்துக்கிட்டு."

"இமைகூட ஆடலையேம்மா!"

"நீங்க மட்டும் ஆடினீங்களா? உங்க படம்தான் நிக்குதுன்னு நெனச்சு நானும் போன மாசம் டூயல் கோர் வாங்கினேன்."

"அப்போ நமக்குள்ள நாலு மூளை!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் அவள் குரல் இறங்கியது. "நீங்க கூப்பிடவே இல்லையேப்பா. நான் வர்றது உங்களுக்குத் தொந்தரவோன்னு நெனச்சேன்."

"இப்பக் கூப்பிடுறேன். வா."

"வர்றேன்ப்பா."

மறுநாள் படகில் கெய்யோ கேட்டார். "என்னய்யா, ரெட்டை மூளை வேலை செய்யுதா?"

"மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் வாய்தான் ரிப்பேர். பெத்த பிள்ளைகிட்ட ஆசையை வாய்விட்டுச் சொல்லிரணும்யா, கெய்யோ. நமக்காக எந்தப் பெட்டியும் அதைச் சொல்லாது. நாம பேசாம இருந்தா, வேண்டாம்னு சொல்றோம்னு பிள்ளைங்க நெனைச்சுக்குதுங்க."

கெய்யோ தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூண்டிலில் மீன் இழுத்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் துடுப்பை எடுத்து, தொலைபேசி இருக்கும் கரையை நோக்கி வலிக்கத் தொடங்கினார்.