கழுவியும் போகாத நஞ்சு

விடியற்காலைச் சுபஹ் பாங்கு ஓய்வதற்குள் ஜுனைதா எண்ணெய் மில்லின் கிணற்றடியில் வேலையைத் தொடங்கிவிட்டாள். இரும்புப் பீப்பாய்க்குள் மணலும் சாம்பலும் கொட்டி, வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, அவளும் கூட வேலை செய்யும் சபியா உம்மாவும் அதை முற்றத்தில் முன்னும் பின்னுமாக உருட்டினார்கள். கவிழ்த்தபோது தண்ணீர் பால்போல வெளுத்து ஓடியது. வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியின் நெடி தலையைச் சுற்றவைத்தது. உள்ளங்கை எரிந்தது.

முதலாளி கச்சிமுகம்மது ஹாஜியார் கிருமிநாசினி வந்த இந்தப் பழைய பீப்பாய்களை மலிவாக வாங்கியிருந்தார். "மணக்குது ஹாஜியார்" என்று பீப்பாய்கள் வந்த அன்றே அவள் சொன்னாள். "கழுவினாப் போயிடும்" என்றார். கழுவினார்கள். போகவில்லை. அவற்றில்தான் தேங்காயெண்ணெய் நிறைந்து கடைகளுக்குப் போயிற்று.

அன்று லொறிச் சாரதி குணம் வேலைக்கு வரவில்லை. பாண்டிருப்பில் அவனுடைய தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தியும் மயக்கமும் என்று செய்தி வந்தது. மில்லிலிருந்து கொண்டுபோன எண்ணெயில்தான் அவன் மனைவி மீன் பொரித்திருந்தாள். வாயில் நுரை தள்ளிய மகளைத் தூக்கிக்கொண்டு அவன் ஆசுபத்திரிக்கு ஓடினானாம்.

 அந்தப் பீப்பாய்களை உருட்டியது ஜுனைதாதானே. முதலாளியின் கந்தோர் அறை வாசலில் போய் நின்றாள்.

"ஹாஜியார், கடைகளுக்குப் போன எண்ணெயத் திருப்பி எடுங்க. ஊருக்குச் சொல்லுங்க. ஆக்கள் இன்னமும் சமைக்கிறாங்க."

"மீன் பழசாயிரிக்கும். சும்மா கதை கட்டாத."

"பீப்பாதான் ஹாஜியார். உங்களுக்கும் தெரியும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கழுவினது ஆரு? நீங்க ஒழுங்காக் கழுவல்லண்டு நான் பொலிசில சொன்னா ஆரு உள்ளுக்குப் போற? வாயப் பொத்திக்கிட்டுப் போய் வேலையப் பாரு."

அவள் திரும்பி நடந்தாள். தோணி இழுக்கையில் கால் முறிந்து அவள் கணவன் வீட்டில் கிடக்கிறான். அடுப்பு எரிவது இவள் கூலியில்.

வெளியே வந்தால், எண்ணெய் நிரப்பிய மிச்சப் பீப்பாய்களை விநாயகபுரத்துக்குக் கொண்டுபோக வேறொரு லொறி நின்றது. பீப்பாய் கழுவும் பெண்கள் மில் வாசலை மறித்தார்கள். முதலாளியின் ஆட்கள் அவர்களை இழுத்துத் தள்ளினார்கள். லொறி புழுதி கிளப்பிக்கொண்டு போயே போயிற்று.

ஜுனைதா மணலில் குந்தியிருந்து அழுதாள். "பொலிசில நானே சொல்றன், நான்தான் கழுவினன் எண்டு. ஆனா அந்த எண்ணெய்..."

"நீ மட்டுமா கழுவின? நானுந்தான்" என்றாள் சபியா உம்மா. மற்றப் பெண்களும் "நானும்", "நானும்" என்றார்கள். "எழும்பு மகள். விநாயகபுரத்துக்குப் பஸ்ஸப் புடிப்பம்."

பஸ் தரிப்பில் குணம் எதிர்ப்பட்டான். மகள் இன்னும் கண் திறக்கவில்லை. முதலாளியிடம் நியாயம் கேட்க வந்தவன், லொறி போன இடத்தைப் பெண்கள் சொன்னதும் அவர்களோடு பஸ்ஸில் ஏறினான்.

விநாயகபுரத்தில் எண்ணெய் ஏற்கெனவே இறங்கியிருந்தது. எண்ணெயில் நஞ்சு என்று அவர்கள் சொன்னதைக் கடைக்காரர் வேலப்போடி நம்பவில்லை. "முதலாளியோட உங்களுக்குச் சண்டையெண்டா என்ட யாவாரத்தக் கெடுக்காதீங்க. போங்க!"

அவர்கள் போகவில்லை. எண்ணெய் வாங்க வெற்றுப் போத்தலோடு வந்த ஒரு மீனவப் பெண் தயங்கி நின்றாள்.

"இந்த எண்ணெயிலதான் என்ட புள்ளைக்குச் சமைச்ச நாங்க" என்றான் குணம். "அவ இன்னும் கண் திறக்கல்ல."

அவள் போத்தலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "கடக்கரையில ஆக்கள் வலை இழுக்கிறாங்க. அங்க வந்து சொல்லுங்க."

கடைக்குள் வேலப்போடி வேறொருவருக்கு எண்ணெய் அளந்துகொண்டிருந்தார். வாங்க வருவோரைத் தடுக்கப் பாதிப்பேர் வாசலிலேயே நின்றுகொள்ள, ஜுனைதாவும் மற்றவர்களும் அந்தப் பெண்ணின் பின்னால் கடற்கரைக்கு ஓடினார்கள்.