உமரியைத் தேடி வந்த கடல்

"இன்னாடி கொழம்பு இது? உப்பையே காணோம்—"

"செடிக்குக் கரைச்சி ஊத்திட்டேன். ஒனக்கு நாக்குதான் கெட்டுது, அதுக்கு உசுரு போவுதுய்யா—"

"உப்பத் தின்ற செடிய எவளாவது வூட்டுல வளப்பாளா?"

"எங்க ஊர்ல வந்து பாரு, கரையெல்லாம்—"

"அங்கியே இருந்துக்கினு இருக்க வேண்டியதுதான!"

கோமுகி அணை வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்ததற்கு மறுவருஷம், மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் பச்சமுத்துவின் கொல்லைக்கு மட்டும் கடல் வந்தது. காலையில் கணுக்கால் அளவு ஏறும், மதியம் வடியும், பொழுது சாய மறுபடி ஏறும். அமாவாசையில் முழங்கால் வரை நிற்கும். அவன் பெண்சாதி கொளஞ்சியம்மாள் மரக்காணத்து உப்பளக்காரி. கல்யாணமாகி வரும்போது ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த உமரிச்செடியைக் கொல்லையில் நட்டிருந்தாள். சாறு கோத்த குட்டை இலைகள் நல்ல தண்ணீரில் வெளுத்துப் போகவே, வீட்டுக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினாள். செடி சிவந்து தழைத்தது. அதைத் தேடிக்கொண்டு கடல் வந்துவிட்டது.

ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேற்றுப்புண் வந்தவர்கள் வந்து காலை நனைத்துவிட்டுப் போனார்கள். அவளோடு உட்கார்ந்து பேசத்தான் ஆள் இல்லை. தண்ணீர் ஏறும் நேரம் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, செடியோடு தன் ஊர்க்கதை பேசுவாள்.

கொல்லையை ஒட்டிய கரும்புத் தோட்டம் ராஜாங்கம் என்பவருடையது. பச்சமுத்து அவரிடம்தான் கூலி வேலை பார்த்தான். அந்த வருஷம் கரும்பு கரித்தது, காய்ச்சிய வெல்லமும் கரித்தது.

"செடி இருக்கணுமா, ஒனக்கு வேல இருக்கணுமா?" என்றார் அவர்.

கொளஞ்சியம்மாள் குடிதண்ணீருக்குப் போயிருந்த நேரம், பச்சமுத்து செடியைப் பிடுங்கி வேலியில் எறிந்தான். கொல்லையில் நின்ற தண்ணீர் கிழக்கே வடியத் தொடங்கியது. திரும்பி வந்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்தாள்.

"எங்கடி போற?"

"தண்ணி போற எடத்துக்கு."

தியாகதுருகம் வரை ரோட்டில் ஈரக் காலடி இருந்ததாக வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

வேலியில் கிடந்த தண்டுகளை அவனே பொறுக்கி நட்டான். பானையிலிருந்த உப்பு முழுவதையும் கரைத்து ஊற்றினான். அமாவாசையன்று கடல் திரும்பி வந்தது, அவள் வரவில்லை. மரக்காணத்துக்குப் போய்க் கேட்டான், அங்கும் இல்லை. ராஜாங்கம் கரும்பை விட்டுவிட்டுத் தென்னை வைத்தார், நன்றாகவே காய்த்தது. கொல்லை முழுக்க உமரி படர்ந்தது. பச்சமுத்துவுக்குத் தலை வெளுத்தது. உப்பில்லாத சோறு பழகிப்போனது. தினமும் பொழுது சாய, தண்ணீர் கணுக்காலைத் தொடும்போது ஒரு கை கல்லுப்பைத் தூவிவிட்டு அவன் கேட்பான்:

"ஏ கொளஞ்சி, உப்பு போதுமா பாரு."