மழையில்லா ஊரில் மூடிய தட்டு

மேற்குமலை முகடுகளில் கதிரவன் சாய, நூற்பாலைகளின் இரைச்சல் தணிய, கோவை மாநகரின் தெருக்களெல்லாம் வீடு திரும்புவோரால் நிறைந்து வழிந்த மாலைப்பொழுதில், கதையாசிரியர் வெங்கடபதியின் வீட்டுக் கதவைத் தட்டி நின்றாள் மெர்சி. கற்றறிந்த அன்பரீர், வால்பாறை மலையின் வளைவுகளையெல்லாம் கடந்து, பேருந்தில் குலுங்கிக் களைத்து வந்த தேயிலை பறிக்கும் பெண் அவள். ஈராண்டுக்கு முன் மண்சரிவில் மகன் ரவிக்குமாரைப் பறிகொடுத்து, உடலும் கிடைக்கப்பெறாத தாய்.

வெங்கடபதியோ சொல்லாலே மழை பெய்விக்க வல்லவர். அந்தச் செருக்கும் அவருக்குக் கொஞ்சநஞ்சமன்று. அண்மையில் வார இதழொன்றில் அவர் எழுதிய கதையில், மண்சரிவில் தப்பித் தன் பெயரையும் மறந்த இளைஞன் ஒருவன், தாராபுரத்து அமராவதிக் கரையில் செங்கல் சுமந்து பிழைத்தான். உண்ணும்போதெல்லாம் இடக்கையால் தட்டை மூடிக்கொண்டான். தூறலில் நின்றபடி, மழைத்துளி சோற்றில் விழாதிருக்கத் தட்டை மூடி உண்ணும் தேயிலைத் தோட்டத்து மக்களின் அவ்வழக்கத்தை எப்போதோ மலையில் கண்டவர், அழகாயிருக்கிறதே என்று எடுத்துக் கதையில் பதித்துவிட்டார். எடுத்தது யாருடைய வாழ்வென்று எண்ணிப் பார்த்தாரா? இல்லவே இல்லை!

"ஏனுங்க, அவனை எங்கீங்க பாத்தீங்க?" என்று இதழை நீட்டினாள் மெர்சி. "தாராபுரத்துல ஏதுங்க அத்தனை மழை? அங்க எவனுங்க தட்டை மூடிக்கிட்டுத் திம்பான்? எம்பட பையன் ரவிக்குமார்தானுங்க. படிச்ச அன்னைக்கே மாதா கோயிலுக்கு ஓடி, அவனுக்குச் சொல்லியிருந்த இறந்தோர் பூசையை நிறுத்திப்போட்டேனுங்க."

நீட்டிய இதழை வாங்காமலே வெங்கடபதி சொன்னார்:

"அம்மா, அது நானாகப் புனைஞ்சதுங்க. அப்படி ஒருத்தன் இல்லீங்க."

"ஆத்துக்காத்துல அவன் நடுங்குறதைக்கூட எழுதியிருக்கீங்களே! பாக்காம எப்படிங்க எழுத முடியும்?"

அந்தோ! கண்ணால் கண்டதுபோல் எழுதுகிறார் என்னும் புகழுரைக்காக வாழ்நாளெல்லாம் ஏங்கிக் கிடந்தவர், அதனை அவள் வாயால் கேட்டு, நாக்கூசித் தலைகவிழ்ந்தார்.

"பாக்கலீங்கம்மா. யாரையுமே பாக்கலீங்க."

மெர்சி அழவுமில்லை, அவரை வையவுமில்லை. இதழை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, தன் மகனைப் பற்றி அறிந்தவர் உலகில் அவர் ஒருவரே என்பதுபோல் அவர் முகத்தை நோக்கி, தணிந்த குரலில் வினவினாள்:

"அப்படீன்னா, பூசைக்கு மறுபடி சொல்லிப்போடட்டுங்களா?"

அமராவதிக் கரையில் ஓர் உயிரைப் பக்கம் பக்கமாய் வாழவைத்த அந்தச் சொல்வல்லார், கதவைப் பற்றிக்கொண்டு, "சொல்லிடுங்கம்மா" என்றார்.