பட்டியலில் ஆறாவது வீடு

ஜூன் பதினான்காம் தேதி, புதன்கிழமை, நகரப் பேருந்துப் பணிமனை வாசலில் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. கோரிக்கை எதுவும் நிறைவேறவில்லை.

அந்த நாட்களில் வண்டி எடுத்த ஓட்டுநர்கள் ஒன்பது பேர். அவர்களோடு பேசக்கூடாது, அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. எழுதியவர் செயலாளர், எஞ்சின் பிரிவு மெக்கானிக், இருபது வருடக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் எழமுடியாத நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகிறவரும் அவர்தான். எழுதும்போது அந்த வேலை அவர் நினைப்பிலேயே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை பங்குத்தந்தை நீட்டிய நோயாளிகள் பட்டியலில் ஆறாவது பெயர், அந்த ஒன்பது பேரில் ஒருவருடையது. மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார்.

"வேற ஆளை அனுப்பட்டுமா?" என்றார் பங்குத்தந்தை.

மெக்கானிக் பட்டியலை மடித்தார். "இவன் வேண்டாம்னு தள்ளிட்டு, மத்த அஞ்சு வீட்டுக் கதவை எந்த மூஞ்சியோட தட்டுவேன் ஃபாதர்?"

சொல்லிவிட்டாரே ஒழிய, மறுநாள் அந்தத் தெருமுனையில் நின்றுவிட்டார். டீக்கடையில் சங்கத்து ஆட்கள் மூன்று பேர். வணக்கம் வைத்துவிட்டு நடந்தார்.

ஓட்டுநரின் மனைவி கதவைப் பாதி திறந்தாள். "என்னண்ணே, வழி தெரியாம வந்துட்டீங்களா? எங்களை ஒதுக்கின நோட்டீஸ்ல உங்க கையெழுத்துதானே இருந்துச்சு?"

"என்னுதுதாம்மா. உள்ள வரலாமா?"

ஓட்டுநர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். "நீ வந்துட்டேங்கிறதுக்காக, வண்டி எடுத்தது தப்புன்னு சொல்லமாட்டேன்."

"தப்புதான். நீ சொல்லாட்டியும் தப்புதான்."

"அப்புறம் எதுக்குய்யா வந்தே?"

"நான் உன்னை ஒதுக்கினதும் தப்பு."

ஓட்டுநர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "தலையணையைத் தூக்கி வை," என்றார் மனைவியிடம். மூவரும் செபித்தார்கள். பிறர் குற்றத்தை மன்னிப்பதைச் சொல்லும் இடத்தில் ஆண்கள் இருவர் குரலும் தாழ்ந்தது; நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இதை விசாரிக்கச் சங்கச் செயற்குழு கூடியது. தலைவருக்கு மெக்கானிக்கைக் கைவிட மனமில்லை.

"தோழர், ஞாயித்துக்கிழமை கோயில், திங்கக்கிழமை கொடின்னு இத்தனை வருஷம் ஓட்டினீங்க, யாராவது ஏன்னு கேட்டோமா? இனிமே போகமாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. முடிச்சுடலாம்."

"அவன் எழுந்து நடக்க மூணு மாசம் ஆகுமாம், தோழர். அதுவரைக்கும் போகணும்."

"சங்கம் தோத்துப்போய்க் கெடக்கு. உங்களுக்கு அது வலிக்கலையா?"

"வலிக்குது," என்றார் மெக்கானிக்.

வாக்கெடுப்பு நடந்தது. ஏழுக்கு இரண்டு. மெக்கானிக் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உறுப்பினராக நீடிக்கலாம் என்று பதிவானது. பெயிண்ட் பிரிவுக்காரர் ஒருவர் புதிய செயலாளரானார்.